போர்முனையிலிருந்து வந்த கடிதங்கள்



போருக்குச் சென்ற மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்நாளில் வீட்டாருக்கு இருந்த பெரிய சான்று, அவனிடமிருந்து வந்த கடிதமே. அக்கடிதங்களின் வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

முதல் உலகப் போரில் (1914-1918) பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினர் மெசபொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், பணிபுரிந்தனர். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேரே. ஆகவே சிப்பாய் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த தோழன் எழுதுவான். ஊரில் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துக் காட்டுவார். மனைவிக்கென்று சொன்ன சொல்லும் பிறர் காதில் விழுந்தே அவளிடம் வந்து சேர்ந்தது.

இடையில் தணிக்கையும் இருந்தது. பிரான்சில் போரிட்ட இந்தியரின் கடிதங்களை, பூலோன் நகரிலிருந்த அலுவலகத்தில் ஹோவெல் என்னும் அதிகாரியின் குழுவினர் படித்தனர். இதை அறிந்த வீரர்கள் மறைமொழியில் எழுதினர். கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய்! தணிக்கையாளர் ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதிய பகுதிகள் இன்றும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. வீடு வந்து சேர்ந்த கடிதங்களோ பெரும்பாலும் கரையானுக்கும் மழைக்கும் இரையாயின. அன்போடு பெற்றவர்கள் இழந்ததை, ஐயத்தோடு படித்தவர்கள் காத்து வைத்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விடுதலைக்குப் பின் 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்னும் முகவரிகள் படைவீரர் குடும்பங்களுக்கு மனப்பாடமாயின. வீரன் இருக்கும் இடம் உறையின் மேல் இராது. எண்ணும் படைப்பிரிவின் பெயருமே இருக்கும். 1971 போருக்குப் பின், 1972 மார்ச் 1 அன்று இராணுவ அஞ்சல் பணி தனிப் படைப்பிரிவாயிற்று. இன்று கைப்பேசியில் மகன் குரலையே கேட்கிறோம். ஆனால் பேச்சு பேசியவுடன் மறைந்துவிடும், எழுத்து நிற்கும்.

இதை நம் உத்திரமேரூருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் எழுந்த குடவோலைக் கல்வெட்டுகளால் அன்றோ நம் ஊரை உலகம் அறிகிறது! கல்லில் எழுதியது ஆயிரம் ஆண்டு நின்றது. காகிதத்தில் எழுதியதை நாம்தான் காக்க வேண்டும்.

ஆகவே உங்கள் வீட்டுப் பெட்டியில் படைவீரர் எழுதிய பழைய கடிதம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டு என்பதைத் தனித் தாளில் குறித்து, ஈரம் படாமல் வையுங்கள். பேரப்பிள்ளைகளை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அது உங்கள் குடும்பத்தின் கல்வெட்டு.