அரசு விலகி நிற்கட்டும் என்றால், யார் வீட்டு வாசலில்?

சில மாதங்களுக்கு முன் எங்கள் மாலை வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: "அரசு எதுலயும் தலையிடக் கூடாதுன்னு சொல்றாங்களே தோழர், அது நமக்கு நல்லதுதானே? ஸ்டேஷன்ல அடி வாங்குறது நம்ம ஆளுங்கதானே?"

அந்தக் கேள்வியை எங்களால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டு முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் ஆக்கியது அரசுதான். அரசின் கை எவ்வளவு கனமானது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 'சிறிய அரசு, பெரிய சுதந்திரம்' என்ற முழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் அதைச் சேர்ந்து எழுப்பிய இரண்டு தரப்பினர் பிறகு தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். மாணவர் கேட்ட கேள்விக்கு விடை அந்த மோதலில் இருக்கிறது.

ஒரு தரப்பு லிபர்டேரியன்கள். உயிரையும் உடைமையையும் காப்பதோடு அரசு நிற்க வேண்டும், மற்றதெல்லாம் தனிமனிதர் விருப்பம் என்பவர்கள். இன்னொரு தரப்பு சமூகப் பழமைவாதிகள். குடும்பம், தேவாலயம், மரபு இவைதான் சமூகத்தின் அடித்தளம், தேவைப்பட்டால் சட்டம் போட்டும் அவற்றைக் காக்க வேண்டும் என்பவர்கள். சோவியத் கம்யூனிசமும், ரூஸ்வெல்ட் காலத்தில் வளர்ந்த நலத்திட்ட அரசும் இருவருக்கும் பொது எதிரிகள். 1955இல் வில்லியம் எஃப். பக்லி தொடங்கிய 'நேஷனல் ரிவ்யூ' இதழ் இருவரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது.

கூரைக்குக் கீழே சச்சரவு ஓயவில்லை. கட்டாயப்படுத்தி வரவழைத்த ஒழுக்கம் ஒழுக்கமே அல்ல, அதனால் சுதந்திரம்தான் முதலில் என்றார் ஃபிராங்க் மேயர். ஒழுக்கம்தான் இலக்கு, சுதந்திரம் அதற்கான கருவி மட்டுமே என்று 1962இல் அதே இதழில் மறுத்தார் பிரென்ட் போசெல்.

இந்த விவாதம் நடந்த அதே ஆண்டுகளில் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்கும் மரியாதைக்கும் போராடிக்கொண்டிருந்தார்கள். 1957இல் அந்த இதழின் தலையங்கம் தெற்கத்திய வெள்ளையர்களின் ஆதிக்கத்தை வெளிப்படையாகவே ஆதரித்தது. சுதந்திரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு, அடுத்த மனிதரின் ஓட்டுரிமை சுதந்திரமாகத் தெரியவில்லை.

1960 பிப்ரவரி 1. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஊல்வொர்த் கடையின் உணவு மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். மாணவர்கள் எழுந்து போகவில்லை. போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. 1964இல் உணவகங்களிலும் விடுதிகளிலும் வேலைவாய்ப்பிலும் நிறப் பாகுபாட்டைத் தடை செய்யும் குடியுரிமைச் சட்டம் வந்தது.

செனட்டில் அதை எதிர்த்து வாக்களித்த 27 பேரில் ஒருவர் அரிசோனாவின் பேரி கோல்ட்வாட்டர். அவர் நிறவெறியர் அல்ல. 1957, 1960 குடியுரிமைச் சட்டங்களை ஆதரித்தவர். தனியார் கடைக்காரர் யாருக்குப் பரிமாற வேண்டும் என்று சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்பதே அவர் வாதம். லிபர்டேரியன்களிடம் பெரும் செல்வாக்குப் பெற்ற அயன் ராண்டும் இனவெறியைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, அதே மூச்சில் தனியார் சொத்தில் கை வைக்கும் சட்டம் கூடாது என்றார். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் கோல்ட்வாட்டர் வென்றது ஆறே மாநிலங்கள். சொந்த மாநிலம் போக மீதி ஐந்தும் ஆழ்தெற்கு மாநிலங்கள். அவருடைய கொள்கை அங்கே யாருக்குப் பயன்பட்டது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு காட்சி. வெள்ளையரான ரிச்சர்ட் லவிங்கும் கறுப்பினப் பெண்ணான மில்ட்ரெட்டும் 1958இல் வாஷிங்டனில் திருமணம் செய்துகொண்டார்கள். வர்ஜீனியாவில் நள்ளிரவில் அவர்களின் படுக்கையறைக்குள் போலீஸ் நுழைந்து கைது செய்தது. கலப்பு மணம் அங்கே குற்றம். 25 ஆண்டுகள் மாநிலத்துக்குள் சேர்ந்து வரக் கூடாது என்ற நிபந்தனையோடு சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். 1967இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. கடை வாசலில் அரசு வரக் கூடாது என்ற தென் மாநில அரசியல்வாதிகளுக்கு, படுக்கையறையில் அரசு நுழைந்தது உறுத்தவில்லை.

லிபர்டேரியன்களுக்கு இந்த முரண் பின்னால் உறுத்தத் தொடங்கியது. 1969இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த பழமைவாத இளைஞர் மாநாட்டில், கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து ஒருவர் ராணுவ அட்டையைக் கொளுத்தினார். மாநாடு இரண்டாக உடைந்தது. 1971இல் லிபர்டேரியன் கட்சி தனியாகப் பிறந்தது. 1979இல் ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கி மதத்தை அரசியலுக்குள் கொண்டுவந்தபோது, அதை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் ஒருவர் அதே கோல்ட்வாட்டர். தன்பாலீர்ப்பாளர்கள் ராணுவத்தில் சேரலாம் என்று 1993இல் வாதிட்டார். 2003இல் தன்பாலுறவைக் குற்றமாக்கிய டெக்சாஸ் சட்டம் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தபோது, கேட்டோ என்ற லிபர்டேரியன் நிறுவனம் அந்தச் சட்டத்துக்கு எதிராக வாதம் தாக்கல் செய்திருந்தது. இதையெல்லாம் நாம் மதிக்க வேண்டும். படுக்கையறை விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி.

ஆனால் கடை வாசல் விஷயத்தில்?

அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்விக்கு முன்பே விடை சொல்லிவிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தைக் கவனித்துவந்தவர். ஐ.நா.வுக்கு அவர்கள் அனுப்பிய மனுவைக் கேட்டு 1946இல் டபிள்யூ. இ. பி. டுபாய்சுக்குக் கடிதம் எழுதியவர். 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், அரசு ஒதுங்கிக்கொண்டால் அந்த இடம் காலியாக இருக்காது, நிலவுடைமையாளரும் முதலாளியும் அங்கே ஆட்சி செய்வார்கள் என்று அவர் வாதிட்டார். அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 1950இல். அமெரிக்கா அந்த இடத்துக்கு வர இன்னும் 14 ஆண்டுகள் ஆனது.

இரட்டைக் குவளை வைத்த டீக்கடையும் தனியார் சொத்துதான். சேரிக்காரருக்கு வாடகைக்குத் தராத வீடும் தனியார் சொத்துதான். ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கும் கட்டுப்பாட்டை எந்த அரசாணையும் போடவில்லை, ஊர்தான் போட்டது. லவிங் தம்பதிக்கு அரசு வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. சாதி கடந்து மணம் செய்த நம் பிள்ளைகளுக்கோ, சொந்தக் குடும்பமே அரிவாளோடு வரும்போது அரசு வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அதனால் அந்த மாணவருக்கு நாங்கள் சொன்னது இதுதான். அரசு பெரியதா சிறியதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். யாருடைய கை யாருடைய கழுத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது போலீசின் கையாக இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அது ஊரின் கையாக இருந்தால், அதை எடுக்க வைக்கச் சொல்லி அரசைக் கேளுங்கள். இரண்டும் ஒரே உரிமைப் போராட்டம்தான்.