கேட்பதற்கு ஓர் இருக்கை

தேக்காச் சந்தையை ஒட்டி பஃபலோ சாலை இருக்கிறது. தமிழில் சொன்னால் எருமைச் சாலை. சற்றுத் தள்ளி, வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அருகில் பெலிலியோஸ் சாலை. கல்கத்தாவிலிருந்து வந்து இங்கு மாட்டு வணிகம் செய்தவரின் பெயர் அது. இந்த வட்டாரத்தின் மலாய்ப் பெயரான கண்டாங் கெர்பாவ் என்பதற்கும் எருமைக் கொட்டில் என்றே பொருள். ஒரு காலத்தில் மாடு வளர்ப்பும் பால் வியாபாரமும் இங்கிருந்த இந்தியர் பலருக்குச் சோறு போட்ட தொழில்கள். 1930களின் நடுவில் நகராட்சி ஆணையம் இந்த வட்டாரத்தில் மாட்டுத் தொழிலுக்குத் தடை கொண்டுவந்தது. மாடுகள் போய்விட்டன. சாலைப் பெயர்கள் மட்டும் நிற்கின்றன.

அந்த முடிவு நகரின் சுகாதாரத்துக்கு நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் "எங்கள் பிழைப்புக்கு என்ன வழி?" என்று கேட்க நினைத்த மாட்டுக்காரர் அன்று யாரிடம் போயிருப்பார்? நகராட்சி ஆணையர்கள் நியமிக்கப்பட்டவர்கள். 1913 முதல் 1949 வரை அந்த ஆணையத்துக்குத் தேர்தலே கிடையாது. சட்டமன்றத்திலும் பொதுமக்கள் வாக்களித்து அனுப்பியவர் ஒருவரும் இல்லை. சிங்கப்பூரில் முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது 1948இல். அதுவும் 6 இடங்களுக்கு மட்டுமே.

கேட்பதற்கு ஓர் இருக்கை இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஏறத்தாழ அதே காலத்தில் கடலுக்கு அப்பால், சென்னையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை சொல்கிறது. அங்கே பிரச்சினை மாட்டைப் பற்றியது அல்ல, பாட்டைப் பற்றியது.

ரங்கூனிலிருந்து வந்த தடை

பாரதியார் 1921 செப்டம்பரில் காலமானார். மறு ஆண்டே அவர் மனைவி செல்லம்மாள் 'சுதேச கீதங்கள்' நூலை வெளியிட முன்வந்தார். கவிஞர் உயிரோடு இருந்தபோது போதிய அளவு அச்சேறாத பாடல்கள் மெல்ல மெல்லத் தமிழர் வீடுகளுக்குள் சென்றன. கடல் கடந்தும் சென்றன. பர்மாவில் அப்போது தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்துவந்தார்கள்.

1928இல் பர்மா அரசு பாரதியின் பாடல் நூல்களுக்குத் தடை விதித்துப் பறிமுதல் உத்தரவு பிறப்பித்தது. பர்மாவில் போட்ட உத்தரவு சென்னையை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று இன்றைய வாசகர்கள் கேட்கலாம். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. ஒரு மாகாணம் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஒரு நூலைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டால், மற்ற மாகாணங்களிலும் போலிசார் அதைக் கைப்பற்றலாம். அப்படித்தான் பாரதியின் சொந்த மாகாணத்திலேயே அவருடைய நூல்களைத் தேடிப் போலிசார் புறப்பட்டார்கள்.

இங்கே தேக்காவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சிங்கப்பூர் 1867லேயே இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிக்கப்பட்டு, லண்டனின் நேரடி ஆட்சிக்குள் வந்துவிட்டது. எனவே இந்தியச் சட்டத்தின் கீழ் பிறந்த அந்த உத்தரவு சிராங்கூன் சாலைக்குத் தானாக வந்து சேரவில்லை. ஆனால் அதே பிரிவினால் இன்னொரு நிலைமையும் உண்டானது. 1920க்குப் பிறகு இந்திய மாகாணங்களுக்குக் கிடைத்த தேர்தல் உரிமை சிங்கப்பூருக்குக் கிடைக்கவில்லை. தடை வரவில்லை, ஆனால் தடை வந்திருந்தால் தட்டிக் கேட்க ஆளும் இல்லை.

சத்தியமூர்த்தி எழுந்தார்

சென்னையில் ஆள் இருந்தார். புதுக்கோட்டை திருமயத்தில் 1887இல் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி ஒரு வழக்கறிஞர். நாடக மேடையில் நடித்தவர், இசையில் ஈடுபாடு மிக்கவர். 1923இல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1928 அக்டோபரில் பாரதி நூல்களின் பறிமுதலை அவர் மன்றத்துக்குக் கொண்டுவந்தார். பாடல்களில் இருப்பது நாட்டுப்பற்று, அது குற்றமாகாது என்பது அவர் வாதம்.

அன்றைய மன்றத்தின் அதிகாரம் எவ்வளவு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நடந்தது இரட்டை ஆட்சி. கல்வி, சுகாதாரம் போன்ற துறைகள் மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களிடம் இருந்தன. போலிசும் சட்ட ஒழுங்கும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. மன்றம் நிறைவேற்றும் தீர்மானம் ஒரு பரிந்துரைதான். அரசு அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாக்குரிமையும் சொத்தும் வரியும் உள்ள சிலருக்கே இருந்தது.

இருந்தும் விவாதம் நடந்தது. தீர்மானம் பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது.

பரிந்துரைக்கு என்ன பயன்?

அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானத்தால் என்ன பயன்? முதல் பயன், அரசு மன்றத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல நேர்ந்தது. போலிசார் நூலை எடுத்துச் செல்லும்போது காரணம் சொல்ல வேண்டியதில்லை. மன்றத்தில் கேட்டால் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது பயன், ஒவ்வோர் உறுப்பினரும் தாம் எந்தப் பக்கம் என்பதை ஊரறியக் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது பயன், நடந்தது பதிவேட்டில் ஏறியது. பாடல்கள் யாருடையவை என்ற கேள்வி அதன்பிறகு ஒரு குடும்பத்தின் கவலையாகவோ ஒரு பதிப்பகத்தின் வழக்காகவோ மட்டும் நிற்கவில்லை. அது பொதுமக்களின் கேள்வியாகிவிட்டது.

பாரதியின் தம்பி சி. விசுவநாதன் பாரதி பிரசுராலயத்தின் வழியாக நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1949இல் சென்னை அரசே பாரதி படைப்புகளின் பதிப்புரிமையைப் பெற்றது. 1955இல் அவற்றைப் பொதுவுடைமையாக்கியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் காமராசர். அவர் சத்தியமூர்த்தியை அரசியல் குருவாகக் கொண்டவர் என்பது பலரும் அறிந்ததே. குரு அதைப் பார்க்க இல்லை. சிறைவாசத்தால் உடல் நலிந்த சத்தியமூர்த்தி 1943 மார்ச்சில் மறைந்துவிட்டார். ஆளும் அரசு 1928இல் பறித்த பாடல்களை, 27 ஆண்டுகள் கழித்து ஆளும் அரசே மக்களுக்கு எழுதிக் கொடுத்தது.

சிங்கப்பூரில் இருக்கை வந்த கதை

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்த இருக்கை படிப்படியாகத்தான் வந்தது. 1955இல் 32 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 25 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆனால் அங்கே ஆங்கிலத்தில் மட்டுமே பேச முடிந்தது. தமிழ், மலாய், மாண்டரின் ஆகிய மொழிகளிலும் விவாதம் நடக்கலாம் என்பதை 1956 பிப்ரவரியில் மன்றம் கொள்கையளவில் ஏற்றது. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 'தமிழ் முரசு' நிறுவனர் கோ. சாரங்கபாணி, குடியுரிமை பெறுங்கள் என்று தமிழர்களை ஓயாமல் வலியுறுத்தினார். அதன் பொருள் எளிது. குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவருக்காகக் கேள்வி கேட்க எவருக்கும் அவசரம் இருக்காது. 1959இல் 51 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது, வாக்களிப்பதும் கட்டாயமானது. இன்று அரசமைப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தில் தமிழிலும் பேசலாம்.

அந்த இருக்கை தேக்காவுக்கு உதவியதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் தைப்பூச ஊர்வலத்தில், வழிநெடுக இசைக்கருவிகள் வாசிக்க 1973இல் தடை விதிக்கப்பட்டது. 2015இல் இது நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டது. 2016 தைப்பூசத்தில் ஊர்வலப் பாதையின் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. நாடாளுமன்றக் கேள்வி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பக்தர்களின் குரலும் இந்து அறக்கட்டளை வாரியத்தின் முயற்சியும் சேர்ந்துதான் அது நடந்தது. ஆனால் பல ஆண்டுகளாகக் கோயில் வாசலில் பேசப்பட்டது மன்றத்தில் பேசப்பட்டபோது, அதற்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

சத்தியமூர்த்தியிடம் அதிகாரம் இல்லை, ஓர் இருக்கை மட்டுமே இருந்தது. தேக்கா மாட்டுக்காரர்களுக்கு அதுவும் இல்லை. இன்று சிங்கப்பூரில் ஒவ்வொரு தொகுதியிலும் மக்கள் சந்திப்பு நடக்கிறது. அங்கே பெரும்பாலும் வீடு, வேலை, அபராதம் ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறோம். அவையும் தேவையே. கூடவே நம் மொழி, கலை, தொழில் பற்றிய ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு போகலாம். நாம் கொண்டுபோய்க் கொடுக்காத கேள்வியை உறுப்பினர் எப்படிக் கேட்பார்?