பந்தயக் காரின் சிற்றுருவங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

அரச கட்டளைகளும் உடன்படிக்கைகளும் இராசதந்திரிகளின் கடிதங்களுமே வரலாற்றுக்குச் சான்றாகும் என்ற கருத்து இன்று பெரிதும் தளர்ந்துவிட்டது. மட்பாண்டத் துண்டொன்றைக் கொண்டு ஒரு காலத்து மக்களின் வாழ்வை எழுதலாமெனின், சிறுவரின் விளையாட்டுப் பொருளை மாத்திரம் ஒதுக்கிவிட நியாயமில்லை. பந்தயக் கார்களின் சிற்றுருவங்களைத் தேடிச் சேகரிப்போர் மேலைநாடுகளில் பலர் உளர். இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கென்றே நம்மிற் பலரும் எண்ணுவர். ஆயின், 1936ஆம் ஆண்டிலே லிவர்பூல் நகரில் வார்க்கப்பட்ட இரு சிறு கார்கள், அக்கால இங்கிலாந்துச் சிறுவர் எதனை வியக்கப் பழகினர் என்பதை எந்த ஆவணத்துக்கும் குறையாத தெளிவோடு கூறுகின்றன.

அவற்றைச் செய்தது மெக்கானோ நிறுவனம். துளையிட்ட உலோகப் பட்டிகளைப் பிணைத்துப் பொறிகள் அமைக்கும் விளையாட்டுக்கு 1901இல் காப்புரிமை பெற்ற பிராங் ஹோர்ன்பி என்பாரே அதன் தாபகர். விளையாட்டு இரயில்களுக்குத் துணைப்பொருளாக 1933இல் வெளியிடப்பட்ட சிறு வாகனங்கள் மறு ஆண்டில் டிங்கி ரோய்ஸ் என்னும் பெயரைப் பெற்றன. அவ்வரிசையில் பந்தயக் கார்களுக்கு 23 என்ற இலக்கம் வழங்கப்பட்டது. 1936இல் அதனுடன் சேர்ந்தவற்றுள் இரண்டு ஜேர்மானியக் கார்கள். ஒன்று மேர்சிடிஸ் பென்ஸ், மற்றையது ஓட்டோ யூனியன்.

இவ்விரு கார்களின் பின்னணி சாதாரணமானதன்று. 1933இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஹிட்லர், மோட்டார்ப் பந்தய வெற்றியைத் தம் ஆட்சியின் பெருமைக்கு விளம்பரமாகக் கொண்டார். இரு நிறுவனங்களுக்கும் அரசு மானியம் வழங்கியது. காரின் எடை 750 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்னும் விதி 1934இல் நடைமுறைக்கு வந்தபோது, இரு நிறுவனங்களும் புதுக் கார்களோடு களமிறங்கின. ஓட்டோ யூனியன் காரை வடிவமைத்தவர் பேர்டினன்ட் போர்ஷே. அதன் 16 சிலிண்டர் இயந்திரம் சாரதிக்குப் பின்னால் அமைந்திருந்தது. அக்காலத்தில் இஃது ஒரு புதுமையே. ஜேர்மனிக்கு உரிய பந்தய நிறமாகிய வெள்ளை போய் வெள்ளி நிறம் வந்ததும் இவற்றோடுதான். எடை மிகுந்துவிட்டதால் ஓரிரவில் வர்ணத்தைச் சுரண்டி எடுத்தனர் என்றொரு கதை வழங்குகிறது. மேர்சிடிஸ் அணியின் முகாமையாளர் பிற்காலத்தில் தம் நினைவுகளிற் கூறிய இக்கதையை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. எனினும் கதை சாகவில்லை; நல்ல கதைகள் எளிதிற் சாவதில்லை போலும்.

இக்கார்கள் இங்கிலாந்துச் சிறுவர்க்குக் கேள்வியளவில் மாத்திரம் தெரிந்தவையல்ல. 1937 ஒக்ரோபரில் இங்கிலாந்தின் டொனிங்டன் களத்தில் ஓட்டோ யூனியனைச் செலுத்திய பேர்ன்ட் றோசெமேயர் வென்றார். அவர் எஸ். எஸ். படையின் உறுப்பினர் என்பதும் நோக்கற்பாலது. மறு ஆண்டு யூலையில் ஜேர்மன் கிறான்ட் பிறீ பந்தயத்தில் வென்றவரோ ஓர் ஆங்கிலேயர். மேர்சிடிஸ் அணியிற் சேர்ந்திருந்த றிச்சர்ட் சீமன் என்னும் அவ்விளைஞர், வெற்றி மேடையில் நாசி வணக்கம் செலுத்தி நின்றார். 1939 யூனில் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் நேர்ந்த விபத்தில் அவர் இறந்தபோது, இலண்டனில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஹிட்லரிடமிருந்து மலர்வளையம் வந்தது. இரு மாதங்கள் சென்றபின் போர் மூண்டது.

மெக்கானோ நிறுவனத்தாரை நாசிகளின் அனுதாபிகள் என்று கூறுதல் பொருந்தாது. வெல்லும் கார் விற்கும் என்னும் வணிகக் கணக்கே அவர்களை இயக்கியது. அதே ஆண்டில் அதே வரிசையில் ஆங்கிலேயரான எயிஸ்ரனின் சாதனைக் காரையும் அவர்கள் வெளியிட்டனர். ஜேர்மானியக் கார்களின் சிற்றுருவங்களைச் சிவப்பு, நீலம், மஞ்சள் முதலிய பல நிறங்களிலும் விற்றனர். பந்தயக் களத்திலே நாட்டின் அடையாளமாயிருந்த நிறம் கடைக்கு வந்ததும் பொருளற்றுப் போயிற்று. ஆனால், விளம்பரம் பேரளவில் வெற்றி பெறுவது இவ்வாறுதான் என்று நான் கருதுகின்றேன். விளம்பரம் என்று உணராதாரே அதனைப் பரப்பினர்; விலை கொடுத்து வாங்கியவர் பாடசாலைச் சிறுவர்.

1941 மே முதல் வாரத்தில் ஜேர்மன் விமானங்கள் லிவர்பூலையும் சுற்றுப்புறத்தையும் குண்டுவீசித் தாக்கியதில் ஏறத்தாழ 1,700 பேர் மாண்டனர். மெக்கானோத் தொழிற்சாலை போர்த் தளபாட உற்பத்திக்குத் திரும்பியது. போர் ஓய்ந்து 1946 அளவில் மீண்டும் சிறு கார்கள் வெளிவந்தபோது, பழைய அச்சுகளே பயன்பட்டன. மேர்சிடிஸ் பென்ஸும் ஓட்டோ யூனியனும் மறுபடியும் கடைக்கு வந்தன! அவ்வேளையில் ஓட்டோ யூனியனின் சொந்தத் தொழிற்சாலைகள் சோவியத் படைகளின் பிடியில் இருந்தன. எஞ்சியிருந்த பந்தயக் கார்களும் இழப்பீடாக இரசியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஜேர்மனியில் அழிந்த கார் லிவர்பூலில் வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. அச்சு செய்வது செலவு மிக்கது. கையிலுள்ள அச்சைக் கைவிட எத்தொழிலதிபரும் விரும்பார்.

சேகரிப்போர் போருக்கு முந்திய காரையும் பிந்திய காரையும் சக்கரத்தின் அமைப்பு, அடிப்பாகத்தின் எழுத்து ஆகியவற்றால் வேறுபடுத்துவர். கல்வெட்டாய்வாளர் எழுத்தின் வளைவைக் கொண்டு காலங் கணிப்பதை ஒத்தது இது. 1966இல் செசில் கிப்சன் டிங்கி ரோய்ஸின் வரலாற்றை நூலாக எழுதினார். பல்கலைக்கழகங்கள் பொருட்படுத்தாத ஒரு துறை, சேகரிப்போரின் உழைப்பாலேயே துலங்கிற்று.

ஆயினும் அவர்கள் கையிலுள்ள சான்று அழிந்துகொண்டிருக்கிறது. இக்கார்கள் நாகத்தோடு அலுமினியம் முதலியன சேர்ந்த கலப்புலோகத்தால் ஆனவை. அந்நாகம் மிகத் தூயதாயிருத்தல் வேண்டும். போருக்கு முன்னர் வார்த்தவற்றுட் பலவற்றில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டது. அதன் விளைவாக உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, வீங்கி, வெடித்து, ஈற்றில் விரலிடைப் பொடியாகிறது. ஈரமும் வெப்பமும் இதனை விரைவுபடுத்தும்; தொடங்கியபின் மாற்றும் வழியில்லை.

இந்நிலையில் சிலர் வெடிப்புகளை அடைத்துப் புதுவர்ணம் பூசுகின்றனர். காட்சிக்கு அது அழகே. ஆனால் 1936இன் வர்ணமும், ஒரு சிறுவன் தரையில் உருட்டியதால் விழுந்த தேய்வும் அதனோடு மறைந்துபோகின்றன. ஓலைச்சுவடியில் சிதைந்த அடியைத் தாமே புனைந்து நிரப்பும் பதிப்பாசிரியரை நாம் கண்டிக்கின்றோம்; இவரையும் அவ்வாறே கண்டிக்க வேண்டும். சேகரிப்போருள் விவேகமுடையோர் வெடித்த காரை வெடித்தபடியே விட்டு, அளவெடுத்து, நாற்புறமும் படம்பிடித்து, ஈரம் புகாத பெட்டியில் தனியே வைத்துவிடுகின்றனர்.