'ஓகே'ன்னா என்ன அர்த்தம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல புதுசா வேலைக்குச் சேர்ற பலருக்கு ஒரு குழப்பம் வரும். மேனேஜர் வாட்ஸ்அப்ல ஒரு வேலை சொல்றார். பதிலுக்கு 'அண்டர்ஸ்டுட்'னு போடணுமா, 'காட் இட்'னு போட்டா மரியாதைக் குறைவா?

பொதுவா, மேலதிகாரிக்கு 'அண்டர்ஸ்டுட்', கூட வேலை பார்க்கிறவங்களுக்கு 'காட் இட்'. இந்த மரியாதைக் கணக்கு சுலபம். ஆனா வரலாற்றுல இதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. 'புரிஞ்சுது'ன்னு நீங்க சொன்னா, என்ன புரிஞ்சுதுன்னு எதிராளிக்கு எப்படித் தெரியும்?

'ஓகே' பிறந்ததே விளையாட்டாத்தான். 'ஆல் கரெக்ட்' என்பதை வேணும்னே தப்பா எழுதி, அதைச் சுருக்கி 1839-ல ஒரு பாஸ்டன் பத்திரிகை போட்டது. ஆனா 'ராஜர்' தொழில்ல பிறந்த வார்த்தை. தந்தியில 'ஆர்' எழுத்துன்னா 'கிடைத்தது'. இரண்டாம் உலகப் போர் கால ரேடியோவில் அந்த எழுத்துக்குப் பெயர் ராஜர். 1956-ல அந்த எழுத்து 'ரோமியோ' ஆயிடுச்சு, ஆனா ராஜர் போகலை. ராஜர்னா 'நீங்க சொன்னது முழுசாக் கேட்டுச்சு', அவ்வளவுதான். 'சொன்னபடி செய்றேன்'னு சொல்ல 'வில்கோ'ன்னு தனி வார்த்தை உண்டு. கேட்பது வேற, செய்வது வேற என்று அவங்க அப்பவே பிரிச்சு வெச்சிருந்தாங்க.

அந்தத் தெளிவு இல்லாமப் போனா என்ன ஆகும்? 1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனரீஃப் தீவு, ஓடுபாதை முழுக்க மூடுபனி. கேஎல்எம் விமானி, புறப்படுவதாக அர்த்தம் வரும் ஒரு தெளிவில்லாத வாக்கியம் சொல்றார். கோபுரத்திலிருந்து 'ஓகே'ன்னு பதில். 'காத்திருங்க, கூப்பிடுறேன்' என்ற மீதிப் பேச்சு, அதே நொடியில் பான் ஆம் விமானமும் பேசியதால் இரைச்சலில் அமுங்கிடுச்சு. அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் மேல கேஎல்எம் மோதுச்சு. 583 பேர் இறந்தாங்க. பனி, அவசரம் என்று காரணங்கள் பல. அந்த 'ஓகே'யும் அதில் ஒண்ணு. அதுக்கப்புறம் விதிகள் இறுகின: முக்கியமான உத்தரவுக்கு ஓகே, ராஜர் போதாது, உத்தரவையே திருப்பிச் சொல்லணும்.

நம்ம ரயில்வேயில் இதுக்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு: பிரைவேட் நம்பர். ஸ்டேஷன் மாஸ்டர் போன்ல கேட்டை மூடச் சொன்னா, பல கேட்டுகளில் கேட்மேன் வெறும் 'சரிங்க' சொல்லி முடிக்க முடியாது. தன்கிட்ட இருக்கும் அச்சிட்ட தாளிலிருந்து ஒரு எண்ணைச் சொல்லணும். அது ரெஜிஸ்டர்ல ஏறும். எந்த எண் வரும்னு மறுமுனைக்குத் தெரியாது. அதனால யாரும் யூகிச்சோ, வாய்தவறியோ சொல்லிட முடியாது.

தமிழ்ல 'சரி'யும் இதே மாதிரிதான். கேட்டுச்சு, சம்மதம், போனை வெச்சுடறேன், எல்லாத்துக்கும் ஒரே சரி. தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா கலந்து பேசுற ஒரு உருக்காலைத் தளத்துல எல்லாருக்கும் பொதுவான வார்த்தை பெரும்பாலும் 'ஓகே' மட்டும்தான். ஆபத்தும் அங்கதான். 'ரெண்டாம் மோட்டாரை நிறுத்திப் பூட்டு'ன்னு சொன்னா, பதில் 'ஓகே'யா இருக்கக் கூடாது. 'ரெண்டாம் மோட்டார், நிறுத்திப் பூட்டுறேன்'னு இருக்கணும். வாட்ஸ்அப்லயும் அப்படித்தான்: 'காட் இட்' போடுங்க, 'அண்டர்ஸ்டுட்' போடுங்க, பக்கத்துல என்ன வேலை, எத்தனை மணிக்குள்ளன்னு ஒரு வரி சேர்த்துடுங்க.