வேகத்துக்குக் கிடைத்தது 10 லட்சம் டாலர்... அதுக்கு அப்புறம்? பியானோ கலைஞர் லிடியன் நாதஸ்வரத்தின் பாதை

2019-ல் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றிய அந்த வீடியோ பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்க டிவி மேடையில் சென்னையைச் சேர்ந்த 13 வயதுப் பையன் பியானோ வாசிக்கிறார். விரல் எங்கே இருக்குன்னே தெரியல, அவ்வளவு வேகம். அந்தப் பையன்தான் லிடியன் நாதஸ்வரம். அந்த வேகம் எப்படி வந்தது? அதன் பிறகு என்ன செய்தார்? சேலம், நாமக்கல் பக்கம் இருக்கும் ஒரு குழந்தைக்கு இந்தப் பாதை சாத்தியமா? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த லிடியன்?

2005-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். அக்கா அமிர்தவர்ஷினியும் இசைக் கலைஞர்தான். 'லிடியன்' என்பது மேற்கத்திய இசையில் ஒரு சுர வரிசையின் பெயர். நம்ம கல்யாணி ராகத்துக்கு வரும் அதே சுரங்கள்தான் அதற்கும்.

லிடியன் முதலில் கையில் எடுத்தது டிரம்ஸ் குச்சியை. அப்போது அவருக்கு 2 வயது. பியானோ பக்கம் வந்தது சுமார் 8 வயதில். ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைப் பள்ளியில், ரஷ்ய முறைப்படி பியானோ கற்றுத்தரும் சுரோஜித் சாட்டர்ஜியிடம் பயின்றார். தினமும் பல மணி நேரம் பயிற்சி. ஆக, உலகம் பார்த்த அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் சுமார் 5 வருட உழைப்பு இருந்தது.

அமெரிக்க மேடையில் என்ன நடந்தது?

சிபிஎஸ் சேனலின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் லிடியன் வாசித்தது 'ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ'. ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சகோவ், 1900-ல் அரங்கேறிய ஓர் இசை நாடகத்துக்காக எழுதியது. இளவரசன் ஒருவன் வண்டாக மாறிப் பறக்கும் காட்சிக்கான இசை அது.

முதலில் நிமிடத்துக்கு 208 துடிப்பு வேகத்தில் வாசித்தார். அடுத்து அதையே 325 துடிப்பில் வாசித்தார். மார்ச் 2019-ல் பட்டம் அவருக்கே கிடைத்தது. பரிசு 10 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 7 கோடி ரூபாய்.

325 துடிப்புன்னா எவ்வளவு வேகம்?

ஒரு துடிப்புக்கு 4 சுரம் என்று கணக்குப் போட்டால், 208 துடிப்பில் விநாடிக்கு சுமார் 14 சுரம் வரும். 325 துடிப்பில் விநாடிக்கு 21-க்கு மேல். இந்த வேகத்தில் காதுக்குத் தனித்தனி சுரம் பிடிபடாது, ஒரு இரைச்சல் கோடு போலத்தான் கேட்கும். ஒரு சுரம் தவறினாலும் அந்தக் கோடு உடைந்துவிடும்.

அப்போ வேகம்தான் திறமையா?

இல்லை. வேகத்தை எண்ணிவிடலாம், அதனால் போட்டிக்கும் டிவிக்கும் அது வசதி. ஆனால் பியானோவில் கடினமான வேலை வேறு. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி போய்க் கம்பியைத் தட்டும். எவ்வளவு மெதுவாகத் தட்டணும், எப்போது விடணும், இரண்டு கையில் எது மேலே கேட்கணும் என்பதெல்லாம் வருஷக்கணக்கில் விரல் கற்றுக்கொள்ளும் விஷயம். அதை மீட்டர் வைத்து அளக்க முடியாது.

சின்ன வயதில் ஜெயித்தவர்களுக்கு ஒரு ஆபத்தும் இதில் உண்டு. போகிற இடமெல்லாம் அதே வேகத்தைத்தான் கேட்பார்கள்.

பரிசுக்குப் பிறகு என்ன செய்தார்?

லிடியன் அதே இடத்தில் நிற்கவில்லை. 2020-ல் வெளியான 'அட்கன் சட்கன்' இந்திப் படத்தில் முதன்மை வேடத்தில் நடித்தார். மோகன்லால் முதன்முதலாக இயக்கிய 'பரோஸ்' படத்தின் பாடல்களுக்கு இசையமைத்தார். அந்தப் படம் டிசம்பர் 2024-ல் வெளியானது.

இதற்கிடையே 2021-ல் இளையராஜாவிடம் மாணவராகச் சேர்ந்தார். உலகப் பட்டம் வாங்கியவர், மறுபடியும் பாடம் கேட்கப் போனார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வாசிப்பது வேறு, எழுதுவது வேறு. எந்தக் கருவி எந்த இடத்தில் பேசணும், எங்கே அடங்கணும் என்று தாளில் எழுதுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பண்ணைப்புரம் கிராமத்திலிருந்து வந்த இளையராஜா, மேற்கத்திய இசையைச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம்தான் முறையாகக் கற்றார். அப்போது அவர் 20 வயதைத் தாண்டியிருந்தார். அவரது 'வேலியன்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவால் அரங்கேற்றப்பட்டது.

பனமரத்துப்பட்டியில் ஒரு குழந்தை பியானோ கற்க நினைத்தால்?

லிடியனுக்கு வீட்டிலேயே இசை இருந்தது, ஊரிலேயே பள்ளி இருந்தது. பனமரத்துப்பட்டி மாதிரி ஊர்களில் நிலைமை வேறு. மாவட்டத் தலைநகரான சேலத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் கற்றுத்தருகிறார்கள். பாடப் பட்டியலில் பியானோ இல்லை. தனியார் வகுப்புதான் வழி. பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

• கீபோர்டு வேறு, பியானோ வேறு. பியானோவில் 88 கட்டைகள், ஒவ்வொன்றும் கனமாக இருக்கும். கீபோர்டில் தொடங்கலாம். ஆனால் தொடர்ந்து படிப்பதாக இருந்தால், கனமான கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோவுக்காவது மாற வேண்டும்.

• லண்டனின் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் அமைப்புகளின் கிரேடு தேர்வுகளை இந்தியாவிலிருந்தே எழுதலாம். 1 முதல் 8 வரை கிரேடுகள் உண்டு.

• பாட்டை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்பா, இசைக்குறிப்பைப் பார்த்துப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். குறிப்பு படிக்கத் தெரிந்தால்தான், ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் குழந்தை தானாகப் புதுப் பாடத்தை எடுத்து வாசிக்க முடியும்.