ஊராட்சியும் வீடு கட்டும் உரிமையும்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞ்ஞம் துறைக்கும் பாலராமபுரத்துக்கும் அண்மையில், தென்னந்தோப்புகள் சூழ அமைந்த ஊர் கோட்டுகால். இவ்வூரில் ஒருவர் வீடு கட்ட விரும்பினால் கிராமப் பஞ்சாயத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். நிலத்தின் உரிமைப் பத்திரம், வரி கட்டிய ரசீது, வீட்டின் வரைபடம் ஆகியவற்றோடு மனுச் செய்தல் முறை. "நம் சொந்த மண்ணில் நாம் வீடு கட்டப் பிறர் அனுமதி எதற்கு?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. விடை காண வேண்டுமாயின், இப்பகுதியின் பழைய வரலாற்றை நாம் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

வீடு கட்ட அனுமதி வேண்டும் என்பது இங்கே புதியதன்று. முற்காலத்தில் அது வேறு வடிவத்தில் இருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் என்பார், திருவிதாங்கூரைப் பற்றி 1871 இல் ஒரு நூல் வெளியிட்டார். நாடார் குலத்தார் குடை பிடித்தலும், மிதியடி அணிதலும், மாடி வைத்து வீடு கட்டுதலும் தடை செய்யப்பட்டிருந்தமையை அதிற் காண்கிறோம். பொருள் இருந்தது, நிலம் இருந்தது, கட்டும் கைத்திறனும் இருந்தது. ஆயினும் வீட்டின் உயரத்தை அளந்து கொடுத்தது பிறப்பு. அவ்விதியால் எவருடைய உடல்நலமும் காக்கப்படவில்லை. எந்தத் தெருவும் அகலம் பெறவில்லை. ஒருவர் தாழ்ந்தவர் என்பதை அவர் வீட்டுக் கூரையே அறிவிக்க வேண்டும் என்பது ஒன்றே அதன் நோக்கமாயிருந்தது.

அதே நாட்டில், திட்டமிட்டுக் குடியிருப்பு அமைக்கும் முறையும் இருந்தது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா மன்னரின் பெயர் தாங்கிய பாலராமபுரமே அதற்குச் சான்று. தமிழகத்திலிருந்து சாலியர் குல நெசவாளர்கள் இங்கே குடியமர்த்தப்பட்டனர். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என அவர்கள் வாழும் தெருக்கள் இன்றும் விளங்குகின்றன. பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த நீண்ட தெரு இன்றியமையாதது. தொழிலும் வாழ்வும் ஒருங்கே நடைபெறத் தக்கவாறு தெருவை வகுப்பதே திட்டமிடுதலின் உட்பொருள் என்பதை இவ்வூர் நமக்கு உணர்த்துகிறது.

இக்கருத்துக்கு அறிவியல் வடிவம் கொடுத்தவருள் ஒருவர் ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ். அவர் 1914 இல் சென்னைக்கு வந்து, மாகாணத்தின் பல நகரங்களைச் சுற்றிப் பார்த்து, 1915 இல் அறிக்கை அளித்தார். பழந்தெருக்களை இடித்துத் தள்ளுவதைவிட, நோயறிந்து மருந்திடும் வைத்தியரைப் போல வேண்டிய இடத்தில் மட்டும் கை வைத்தலே சிறந்தது என்பது அவர் கொள்கை. சென்னை மாகாணத்தில் 1920 இல் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு 1108 இல், அதாவது 1932–33 இல், நகர ஊரமைப்புச் சட்டம் எழுந்தது. பிறப்பைக் கேட்ட இடத்தில், காற்றையும் வெளிச்சத்தையும் பாதையையும் கேட்கும் சட்டம் வந்தது. இம்மாறுதல் சிறிதன்று.

1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வேண்டிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் ஒரு சட்டம், பாறசாலைக்கு அப்பால் ஒரு சட்டம் என்றாயிற்று. தமிழ்நாட்டில் 1971 இல் நகர ஊரமைப்புச் சட்டம் வந்தது. கேரளத்திலோ, 1994 ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் கட்டட அனுமதியைக் கிராமப் பஞ்சாயத்தின் கையில் வைத்தது. 2011 இல் பஞ்சாயத்துகளுக்கெனக் கட்டட விதிகள் வகுக்கப்பட்டன. 2019 இல் இரு மாநிலங்களும் புதிய விதிகளை வெளியிட்டன.

இவ்விதிகள் எதற்காக? ஓர் எடுத்துக்காட்டுப் போதும். குடிநீர்க் கிணற்றுக்கு ஏழரை மீட்டருக்குள் மலக்குழி அமைத்தல் ஆகாது என்பது கேரள விதி. சிறு சிறு மனைகளாகப் பிரிந்து கிடக்கும் நம் கிராமங்களில், ஒருவர் வீட்டுக் குழி அடுத்தவர் வீட்டுக் கிணற்றைக் கெடுக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் மூன்று மீட்டர் விட்டுக் கட்டுக என்னும் விதியும் அவ்வாறே. இன்று விடும் இடம் நாளை நம் பிள்ளைகள் அஞ்சாது நடக்கும் வழியாகும். "பிறர் அனுமதி எதற்கு?" என்ற கேள்விக்கு விடை இதுவே: அனுமதி கொடுப்பவர் பிறரல்லர், நம் அண்டை வீட்டார் அனைவரின் சார்பில் ஊராட்சி அதைக் கொடுக்கிறது.

எனினும் ஒரு கவலையை நாம் மறைப்பதற்கில்லை. விதி எல்லார்க்கும் ஒன்றாயினும், அதனைப் படித்தறியும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒன்றன்று. எல்லைக் கிராமத்தில் தமிழ் மட்டுமே படித்த முதியவர் ஒருவர் மலையாளப் படிவத்தின் முன் திகைத்து நிற்கிறார். வரைபடம் எழுதித் தருவோர் கேட்கும் கூலி, கூலி வேலை செய்வோருக்குப் பெருஞ்சுமை. பிறப்பு போட்ட தடையை நீக்கிய நாம், அறியாமையும் வறுமையும் அதே தடையை மீண்டும் எழுப்ப விடலாமா?

சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எழுதலாம் என்பது அரசியலமைப்பின் 350 ஆம் பிரிவு. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர் தமிழிலேயே அரசுக்கு எழுதி, தமிழிலேயே விடை பெறலாம் என்பது கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969. கட்டட மனுவின் மீது செயலாளர் உரிய காலத்தில் முடிவு கூறாவிடில், அதனைப் பஞ்சாயத்துக் குழுவின் முன் கொண்டு செல்லும் உரிமையும் மனுதாரருக்கு உண்டு.

மொழிபெயர்ப்பை வாழ்நாட் பணியாகக் கொண்ட நாம் ஒன்றைத் துணிந்து கூறுவோம்: விளங்காத விதி, இல்லாத விதியினும் கொடிது. விதியை ஏழைக்கும் விளங்கச் சொல்லி, அவன் கையைப் பிடித்து வரைபடம் வரை அழைத்துச் செல்லும் ஊராட்சியே நல்ல ஊராட்சி. அவ்வாறு எழும் வீடு எத்துணைச் சிறிதாயினும், அதன் கூரை எவருக்கும் தாழ்ந்ததாகாது.