தம்பியைச் சுமந்த பிள்ளையும் வரவு இடாப்பும்

காலையிலே வகுப்பிற் பெயர் கூப்பிடும்போது சில பெயர்களுக்கு மறுமொழி வருவதில்லை. இடாப்பிலே குறியிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறோம். அவ்வேளையில் அந்தப் பிள்ளை நோயுற்ற தாய்க்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கலாம். தவழும் தம்பி அடுப்படிக்குப் போகாமற் காத்துக்கொண்டிருக்கலாம். இடைநிலை வகுப்புகளிற் கற்பிக்கும் நாம், ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையைக் கண்டு சலித்துக்கொள்கிறோம். அத்தடுமாற்றத்தின் வேர் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பு வரவு இடாப்பிலேயே கிடக்கின்றது.

இப்பிள்ளைகளின் துயரம் நேற்றுத் தோன்றியதன்று. 'எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வருக' என்று அரசு ஆணையிட்ட நாளிலேயே, வர முடியாத பிள்ளைகளும் கண்ணுக்குத் தெரியலாயினர். நமது கல்விமுறைக்கு அச்சு வார்த்துத் தந்த இங்கிலாந்திலிருந்தே இக்கதையைத் தொடங்குவோம்.

அங்கே 1870ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் ஊர்தோறும் பாடசாலைச் சபைகள் அமைய வழி வகுத்தது. 1880இல் ஐந்து வயது முதல் பத்து வயது வரை பள்ளி வரவு கட்டாயமாயிற்று. வராத பிள்ளைகளைத் தேடி அதிகாரிகள் வீடு வீடாகச் சென்றனர். பெற்றோர் நீதிமன்றிலே தண்டம் கட்டினர். ஆனால், ஆலைக்கும் சலவைக்கும் போன தாயின் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அக்கேள்விக்குச் சட்டத்தில் விடை இருக்கவில்லை. விடையாக நின்றவள் வீட்டின் மூத்த பெண்பிள்ளை. பெண்பிள்ளை வீட்டில் நிற்பது இயல்பே என்று அதிகாரிகள் பலரும் கண்ணை மூடிக்கொண்டனர். அந்தக் கருணை அவளுடைய கல்வியைத்தான் விலையாகக் கொண்டது.

தொழிலாளர் குடும்பங்கள் தாமே ஒரு வழி கண்டன. அக்காளோடு தம்பியையும் பள்ளிக்கு அனுப்பினர். பாடசாலைகளிலே சிறு குழந்தைகளுக்கான வகுப்புகள் பெருகின. 1900ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 43 பேர் பாடசாலைகளிற் பதிவு பெற்றிருந்தனர். தம்பி ஒரு வாங்கிலும் அக்காள் மற்றொரு வாங்கிலும் அமர்ந்தமையால் அவளுக்கும் எழுத்து வாய்த்தது.

1905இல் பெண் பரிசோதகர்கள் ஐவர் இவ்வகுப்புகளை ஆராய்ந்து அறிக்கை தந்தனர். சின்னஞ்சிறு குழந்தைகளை வரிசையிலே இருத்தி மனனம் செய்விப்பதாற் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது விளையாட்டும் உறக்கமும் நிறைந்த வேறொரு பள்ளி என்பது அவர்களது கருத்து. அது நியாயமான கருத்தே. ஆனால், ஆட்சியாளர் அறிக்கையின் பாதியை மட்டுமே ஏற்றனர். ஐந்து வயதுக்குட்பட்டோரைச் சேர்க்க மறுக்கும் உரிமை உள்ளூர்க் கல்வி அதிகார சபைகளுக்குக் கிடைத்தது. மாற்றுப் பள்ளிகளுக்கான பணம் கிடைக்கவில்லை. பத்தே ஆண்டுகளில் 43 என்ற விகிதம் ஏறக்குறைய 23 ஆகச் சரிந்தது. பள்ளியின் கதவு தம்பிக்கு அடைபட்டபோது, பல வீடுகளில் அக்காளுக்கும் சேர்த்தே அடைபட்டது.

சமதர்மவாதியான மார்கிரட் மக்மில்லன், தம் சகோதரி ரேச்சலுடன் சேர்ந்து, 1914இல் இலண்டனின் டெட்போர்ட் என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியிலே திறந்தவெளிக் குழந்தைப் பள்ளியை நிறுவினார். காற்று, வெளிச்சம், குளிப்பு, உணவு, உறக்கம் ஆகியவையே அங்கே பாடங்கள். 1918ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பள்ளிகளை அமைக்க அனுமதித்தது. அமைத்தே தீரவேண்டும் என்று பணிக்கவில்லை.

இனி நமது மலையகத்துக்கு வருவோம். அதே பேரரசின் ஆட்சியிலே, 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. ஆனால், தாய் விடியலிலே கொழுந்துக் கூடையுடன் மலையேறவேண்டும். தோட்டங்களிலே பிள்ளைமடுவம் இருந்தது உண்மை. தாயின் உழைப்பு தடைப்படலாகாது என்பதே அதன் முதல் நோக்கம். மூத்த பிள்ளையின் படிப்பை எண்ணி எவரும் அதைக் கட்டவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், பாட்டி படுக்கையில் விழுந்தாலும், லயத்தில் நின்றவள் பெண்பிள்ளையே. 1945இல் இலவசக் கல்வி வந்தபின்னரும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்குப்புறத்திலேயே நின்றன. 1970களிலேதான் அவை அரசின் கைக்கு வந்தன. அத்தசாப்தத்தின் இறுதியிலிருந்து நாட்டின் பல பகுதிகளிலும் தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினர். பிறர் வீட்டுக் குழந்தையைத் தாய் தாலாட்ட, அவளுடைய குழந்தையை அவளுடைய மகள் தாலாட்டினாள்.

1998 முதல் நமது நாட்டிலும் ஐந்து வயது தொடக்கம் பதினான்கு வயது வரை பள்ளி வரவு கட்டாயமாயிற்று. 2016இல் அவ்வெல்லை பதினாறு வயதாக உயர்ந்தது. இதை வரவேற்கிறோம். ஆயினும், பிள்ளையை அழைக்கும் சட்டம் பிள்ளையின் இடுப்பிலிருக்கும் குழந்தையையும் கண்ணெடுத்துப் பார்க்கவேண்டும். இங்கிலாந்து இன்று இவர்களை 'இளம் பராமரிப்பாளர்' என்று பெயரிட்டழைக்கின்றது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை இனங்காணும் கடமையை உள்ளூராட்சிகளுக்கு விதித்தது. எனினும், 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அங்கே ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையானோரில் ஏறத்தாழ 1,20,000 பேரைக் கண்டபோது, 2023இற் பாடசாலைகள் பதிந்தவர்கள் ஏறத்தாழ 39,000 பேரே. பெயர் வந்தும் பார்வை வரவில்லை.

பார்வை ஆசிரியரிடத்தே தொடங்கவேண்டும். தாமதித்து வரும் பிள்ளையை வாயிலில் நிறுத்துமுன் வீட்டில் யார் நோயாளி என்று தனியே அழைத்துக் கேட்போம். வீட்டுவேலை செய்யாத கொப்பியைக் கண்டால், பள்ளி நேரத்திலேயே அதைச் செய்ய இடந்தருவோம். 'பொறுப்பான பிள்ளை' என்று புகழ்ந்து அவள் சுமையை அவளிடமே விட்டுவிடாதிருப்போம். ஆனால், ஆசிரியரின் அன்பு மட்டும் போதாது. ஆரம்பப் பாடசாலையின் அருகிலேயே, அதே நேரத்துக்குத் திறந்திருக்கும் முன்பள்ளி வேண்டும். நோயுற்ற பெற்றோரை நாடிவரும் சமூக சேவையாளர் வேண்டும். இவற்றைக் கேட்பது நமது சங்கங்களின் கடமை.

நாளைக் காலையும் பெயர் கூப்பிடுவோம். மறுமொழி வராத பெயரின் எதிரே குறியிடுமுன், அந்தப் பிள்ளையின் கையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.